குளிர்ப் பகுதியில் ஒயின் திராட்சை: எந்த மாதத்துக் குளிர் என்று கேளுங்கள்

திராட்சை வெயிலுக்கான பயிர் என்பது பலர் மனதில் ஊறிப்போன எண்ணம். அதனால் குளிர்ப் பகுதியில் ஒயின் திராட்சை வளருமா என்ற பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "பனி கொட்டுகிற ஊரில் திராட்சையா? ஒரே குளிர்காலத்தில் செத்துவிடும்" என்பார் ஒருவர். "உலகம்தான் சூடாகிக்கொண்டே போகிறதே, இனி எங்கு நட்டாலும் வரும்" என்பார் இன்னொருவர். எதிரெதிராகப் பேசினாலும் இருவரும் செய்யும் தவறு ஒன்றுதான். 'குளிர்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகளைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

நடுக்குளிர்காலத்தின் கடுங்குளிர் ஒன்று. வசந்தத்தில் இளந்தளிரைக் கருக்கிவிடும் உறைபனி இன்னொன்று. பழம் பழுக்கும் முன்பே முடிந்துவிடும் குறுகிய கோடை மூன்றாவது. கொடிக்கு இவை மூன்றும் வேறு வேறு ஆபத்துகள். ஒன்றுக்குச் செய்த வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. சில நேரம் அதைக் கெடுக்கவும் செய்யும். ஆகவே மூன்றையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்தத் திராட்சையைப் பற்றிப் பேசுகிறோம்?

ரீஸ்லிங், பினோ நுவார், ஷார்டனே, மெர்லோ, கேபர்னே சாவின்யோன் என்று ஒயின் புட்டிகளில் நாம் பார்க்கும் பெயர்கள் எல்லாமே 'விட்டிஸ் வினிஃபெரா' என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வரும் இனம் இது. பாரம்பரிய வகைகள் என்று இந்தக் கட்டுரையில் சொல்வது இவற்றைத்தான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். "குளிரான இடத்தில் நட்டுவிட்டால் கொடி காலப்போக்கில் பழகிக்கொள்ளும்" என்று சிலர் சொல்வார்கள். ஒயின் திராட்சையை விதை போட்டு வளர்ப்பதில்லை. விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்காது. அதனால் குச்சி வெட்டி நட்டோ, ஒட்டுக்கட்டியோதான் பெருக்குகிறார்கள். ரீஸ்லிங் பற்றிய முதல் எழுத்துப் பதிவு 1435-ல் ஜெர்மனியின் ருசெல்ஸ்ஹைம் என்ற ஊரில் இருக்கிறது. இன்று நடப்படும் ரீஸ்லிங் கொடியும் அந்தப் பழைய கொடியின் குச்சிக்குக் குச்சி தொடர்ச்சிதான். தலைமுறை தலைமுறையாக வடிகட்டப்பட்டு குளிருக்குத் தேறிவர அதற்கு வழியே இல்லை. அது பழகிக்கொள்ளாது; நாம்தான் அதற்கேற்ற இடத்தையும் முறையையும் தேட வேண்டும்.

வட அமெரிக்கக் காட்டுத் திராட்சை இனங்கள் சில இதைவிடப் பல மடங்கு குளிரைத் தாங்கும். அவற்றை வினிஃபெராவோடு கலந்து உருவாக்கியவற்றைக் கலப்பின வகைகள் என்கிறோம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 2006-ல் வெளியிட்ட 'மார்க்கெட்' (Marquette) என்ற வகை ஒரு நல்ல உதாரணம். பினோ நுவார் அதன் முன்னோர்களில் ஒன்று. கலப்பினங்களை மட்டம் தட்டுவது எனக்குப் பிடிக்காது. மிகக் கடுங்குளிர் நிலத்தில் அவைதான் நேர்மையான விடை. ஆனால் இங்கே நம் கேள்வி பாரம்பரிய வகைகளைப் பற்றியது.

முதல் குளிர்: உறங்கும் கொடியும் கடுங்குளிரும்

ஒரு கண்ணாடிப் புட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி உறைபெட்டியில் வைத்தால் புட்டி வெடித்துவிடும். நீர் பனிக்கட்டியாகும்போது விரிவதுதான் காரணம். கொடியின் ஒவ்வொரு செல்லும் நீர் நிறைந்த ஒரு குட்டிப் புட்டி. அப்படியானால் மைனஸ் 10 டிகிரியிலேயே கொடி முழுக்க வெடித்துச் செத்திருக்க வேண்டுமே? ஏன் சாவதில்லை?

கோடை முடிந்து பகல் நேரம் குறையத் தொடங்கியதும் கொடி தயாராக ஆரம்பித்துவிடுகிறது. பச்சையாக இருந்த கிளைகள் அடியிலிருந்து நுனி நோக்கிப் பழுப்பேறி மரமாகின்றன. செல்களுக்குள் இருக்கும் நீர் குறைகிறது, சர்க்கரை கூடுகிறது. அடுத்த ஆண்டின் தளிரையும் பூங்கொத்தையும் தனக்குள் சுருட்டி வைத்திருக்கும் மொட்டு, கிளையோடு உள்ள நீர்த்தொடர்பை ஏறக்குறைய அறுத்துக்கொள்கிறது. மொட்டுக்குள் மிஞ்சியிருக்கும் நீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாமல் திரவமாகவே நிற்கும். இதற்கு மிகைக்குளிர்வு என்று பெயர். இந்தத் தயாரிப்பு முழுவதையும் சேர்த்துக் குளிர்ப்பதம் அடைதல் என்கிறார்கள்.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. குளிர்ந்த ஆற்றில் மெல்ல மெல்ல இறங்குகிறவருக்கு உடல் பழகிவிடும். திடீரென்று தள்ளிவிட்டால் மூச்சு நின்றுபோகும். கொடியும் அப்படித்தான். படிப்படியாகக் குளிர் ஏறினால், நன்றாகப் பதமான ரீஸ்லிங் மொட்டு ஏறக்குறைய மைனஸ் 20 முதல் மைனஸ் 25 டிகிரி வரை தாங்கும். மெர்லோ போன்றவை அதற்குச் சில டிகிரி முன்பே சேதமடையும். அதே ரீஸ்லிங்கை இலையுதிர்காலத் தொடக்கத்தில் திடீர்க் குளிர் தாக்கினால் மைனஸ் 10-ஐக்கூடத் தாங்காமல் போகலாம். குளிர்காலத்தின் நடுவே ஒரு வாரம் வெதுவெதுப்பாக இருந்துவிட்டு உடனே கடுங்குளிர் திரும்பினாலும் இதே கதைதான். கொடி ஏமாந்து, கட்டியிருந்த கவசத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கும். "எத்தனை டிகிரி தாங்கும்?" என்று கேட்பவருக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

காப்பாற்றும் வழிகள் கேட்பதற்கு எளிமையானவை. பெரும்பாலான ஒயின் திராட்சை ஒட்டுக்கட்டிய செடி. 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி அங்கிருந்த தோட்டங்களை அழித்தது. அதிலிருந்து, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க இனத்தின் வேர்ச்செடி மேல் வினிஃபெராவை ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒட்டுக்கு மேலே உள்ள பகுதி முழுவதும் செத்தால் கீழிருந்து வேர்ச்செடிதான் முளைக்கும். நமக்கு வேண்டிய வகை கையைவிட்டுப் போய்விடும். அதனால் இலையுதிர்காலத்தில் ஒட்டுப்பகுதி மறையும்படி மண் அணைக்கிறார்கள். மண்ணும் அதன்மேல் விழும் பனியும் போர்வை மாதிரி. வெளியே மைனஸ் 25 இருந்தாலும் போர்வைக்குள் அவ்வளவு இறங்காது. சீனாவின் நிங்சியா பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போய், முழுக் கொடியையும் சாய்த்து மண்ணில் புதைத்து, வசந்தத்தில் தோண்டி எடுக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும். அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இந்த இடத்தில் கான்ஸ்டான்டின் ஃபிராங்க் என்பவரைச் சொல்லாமல் போக முடியாது. உக்ரைனில் திராட்சை ஆய்வு செய்தவர், 1951-ல் அமெரிக்காவில் குடியேறினார். நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் வினிஃபெரா பிழைக்காது என்பது அப்போது எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு. அதைவிடக் குளிரான இடத்தில் அதே கொடிகளை வளர்த்தவர் அவர்; அதனால் ஒப்புக்கொள்ளவில்லை. குளிருக்கேற்ற வேர்ச்செடிகளைத் தேடி ஒட்டிக் காட்டினார். 1962-ல் தன் சொந்த ஒயின் நிறுவனத்தையும் தொடங்கினார். இன்று அந்தப் பகுதி ரீஸ்லிங்குக்குப் பெயர் பெற்றது. அவர் குளிரோடு மல்லுக்கட்டவில்லை. எந்தக் குளிர் கொல்கிறது, கொடியின் எந்தப் பகுதியைக் கொல்கிறது என்று பார்த்தார், அவ்வளவுதான்.

இதுவரை: குளிர்காலத்தில் கொடி உறங்குகிறது. மெல்ல வரும் குளிர் அதைப் பதப்படுத்தும், திடீர்க் குளிர் கொல்லும். ஒட்டுப்பகுதியை மூடிவைத்தால் அடுத்த ஆண்டு மீட்டுவிடலாம்.

இரண்டாம் குளிர்: வசந்தத்தின் ஓர் இரவு

மைனஸ் 20-ஐத் தாங்கிய அதே கொடி, சில வாரங்களுக்குப் பிறகு மைனஸ் 2-ல் கருகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

நாளின் சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டத் தொடங்கியதும் கொடி விழிக்கிறது. மொட்டு வீங்கி, வெடித்து, தளிர் வெளியே வருகிறது. இதைத்தான் துளிர்த்தல் என்கிறோம். தளிரின் செல்களில் நீர் முழுதாக ஏறியிருக்கும். குளிர்காலக் கவசம் எதுவும் மிச்சமிருக்காது. மறுபடி அந்தப் புட்டிதான். ஒரே இரவின் உறைபனியில் விடிவதற்குள் தளிர் கறுத்துத் தொங்கிவிடும்.

கொடி முற்றிலும் கைவிட்டுவிடாது. ஒவ்வொரு மொட்டுக்குள்ளும் உண்மையில் மூன்று மொட்டுகள் இருக்கின்றன. முதலாவது செத்தால் இரண்டாவது துளிர்க்கும். ஆனால் இரண்டாவதில் காய்ப்பு குறைவு, பழுப்பதும் தாமதம். அதாவது வசந்த உறைபனி பெரும்பாலும் கொடியைக் கொல்வதில்லை. அந்த ஆண்டின் விளைச்சலைக் கொண்டுபோகிறது. குளிர்காலக் கடுங்குளிரோ கொடியையே கொண்டுபோகக்கூடியது. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

மேகமில்லாத, காற்றடிக்காத இரவுகள்தான் ஆபத்தானவை. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்கிவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் உள்ள காற்று சில டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். அந்த மேல்காற்றைக் கீழே இறக்கத்தான் சில தோட்டங்களில் பெரிய காற்றாடிகளை நிறுத்தியிருக்கிறார்கள். வரிசைகளுக்கிடையே மெழுகு விளக்குகளை ஏற்றிவைப்பது இன்னொரு வழி.

மூன்றாவது வழி கேட்டால் நம்பக் கடினமாக இருக்கும். பிரான்சின் ஷாப்லி பகுதியில் உறைபனி இரவில் தளிர்கள் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தளிர் பனிக்கட்டிக்குள் சிக்கி நிற்கும், ஆனாலும் உயிரோடிருக்கும். நீர் ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால்தான் வியர்வை உடலைக் குளிர்விக்கிறது. நீர் உறையும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு லிட்டர் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் தேவையோ, ஏறக்குறைய அவ்வளவு வெப்பம் அந்த ஒரு லிட்டர் உறையும்போது வெளியேறுகிறது. தெளித்துக்கொண்டே இருக்கும்வரை தளிர் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். மைனஸ் 2-க்கு இறங்காது. நடுவில் தெளிப்பை நிறுத்தினால் தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகிவிடும். விடிந்து, வெப்பம் ஏறும்வரை தொடர வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு: கவாத்தைத் தள்ளிப்போடுவது. ஒரு கிளையில் நுனி மொட்டுகள் முதலில் துளிர்த்து, அடி மொட்டுகளைச் சில நாள் அடக்கிவைக்கும். கிளையை நீளமாக விட்டுவைத்து, நுனி துளிர்த்த பிறகு வெட்டினால், நமக்கு வேண்டிய அடி மொட்டுகள் சில நாட்கள் தாமதமாக விழிக்கும். அந்தச் சில நாட்களில் ஒரு மோசமான இரவு கடந்துபோயிருக்கலாம்.

மூன்றாம் குளிர்: நிரம்பாத உண்டியல்

சரி, கொடி குளிர்காலத்தில் பிழைத்தது, வசந்தத்தையும் தாண்டிவிட்டது. பழம் பழுக்குமா? எனக்குக் குளிர்ப்பகுதித் திராட்சையின் அசல் சுவாரசியம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கொடியிடம் ஓர் உண்டியல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாளின் சராசரி வெப்பம் 10 டிகிரிக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு காசு அன்று உண்டியலில் விழும். ஒரு நாள் உச்சம் 22, தாழ்வு 12 என்றால் சராசரி 17. பத்தைக் கழித்தால் 7 காசு. சராசரி 9 டிகிரி என்றால் அன்று ஒன்றும் இல்லை. ஆனால் கடனும் ஏறாது. பருவம் முழுக்கச் சேரும் இந்தக் கூட்டுத்தொகைக்கு வெப்பக் கூட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மேனார்ட் அமரின், ஆல்பர்ட் விங்க்ளர் இருவரும் 1944-ல் இந்தக் கணக்கைக் கொண்டு ஒயின் பகுதிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய 1,390-க்குள் சேரும் இடங்கள் முதல் வகுப்பு, அதாவது குளிர்ப் பகுதி. 214 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளுக்குச் சராசரியாக 6.5 காசுதான். தென் அரைக்கோளத்தில் மாதங்கள் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை என்று மாறும், கணக்கு அதேதான்.

குளிர்கால வெப்பநிலை இந்த உண்டியலில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கடலோரமாக, மிதமான குளிர்காலம் கொண்ட ஓர் இடத்தில் கொடி ஒருபோதும் சாகாமல், பழமும் ஒருபோதும் பழுக்காமல் போகலாம். கண்டத்தின் நடுவே, குளிர்காலம் கொடூரமாகவும் கோடை சூடாகவும் உள்ள இடத்தில் பழம் அருமையாகப் பழுக்கலாம். கொடி அடுத்த ஜனவரியைத் தாண்டுமா என்பதுதான் கேள்வியாக இருக்கும்.

பழுப்பது என்றால் என்ன? காய் பச்சையாக, கெட்டியாக, புளிப்பாக இருக்கும். கோடையின் பின்பாதியில் ஒரு நாள் மென்மையாகி நிறம் மாறத் தொடங்கும். அதன்பின் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்: சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. புளிப்புக்கு முக்கியக் காரணம் இரண்டு அமிலங்கள். டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மாலிக் அமிலத்தைப் பழம் தன் மூச்சுக்கு எரிபொருளாக எரித்துவிடும், வெப்பம் கூடக்கூட வேகமாக. குளிர்ப் பகுதியில் எரிவது மெதுவாக நடப்பதால் புளிப்பு மிஞ்சுகிறது. ரீஸ்லிங் ஒயினின் அந்தத் துடிப்பான சுவைக்கு இந்த மிச்சம்தான் காரணம்.

சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால் நொதித்த பிறகு ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 170 கிராம் என்றால் பத்து சதவீதம். சாதாரண ஒயினுக்கு இது கொஞ்சம் மெலிவு. நுரைக்கும் ஒயினுக்கோ இதுதான் வேண்டும், ஏனென்றால் புட்டிக்குள் இரண்டாவது முறை நொதிக்கச் சர்க்கரை சேர்ப்பார்கள், ஆல்கஹாலும் ஒன்றேகால் சதவீதம் அளவுக்கு ஏறும். ஷாம்பெய்ன் குளிர்ப் பகுதியில் வேரூன்றியதும், தெற்கு இங்கிலாந்தில் நுரை ஒயின் முன்னுக்கு வந்ததும் இந்தக் கணக்கால்தான். அரைகுறையாகப் பழுத்ததாகத் தோன்றும் பழமே அங்கே சரியான பழம்.

இந்தச் சலுகை எல்லா வகைக்கும் கிடையாது. கேபர்னே சாவின்யோன் உண்டியல் நிரம்பாமல் பறிக்கப்பட்டால் பச்சைக் குடைமிளகாய் வாசம் தூக்கும். பைரசீன் என்ற சேர்மம் பழத்தில் சிதையாமல் நின்றுவிடுவதுதான் காரணம்.

மூன்று குளிரையும் இப்போது சேர்த்துப் பார்க்கலாம்: கடுங்குளிர் கொடியைத் தாக்கும், உறைபனி அந்த ஆண்டு விளைச்சலைத் தாக்கும், வெப்பக் குறைவு பழத்தின் தரத்தைத் தாக்கும்.

இடமே பாதி வேலை செய்யும்

ஒரு டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வெளிச்ச வட்டம் சிறியதாக, பளிச்சென்று இருக்கும். சாய்த்துப் பிடித்தால் பரந்து மங்கும். 50 பாகை வடக்கில் செப்டம்பர் மாதக் கடைசியில், பழம் பழுக்கும் நேரத்தில், உச்சிவெயிலே 40 பாகைச் சாய்வில்தான் விழுகிறது. அங்கே நிலமே தெற்கு நோக்கி 30 பாகை சரிந்திருந்தால் அந்த வெயிலுக்கு அது ஏறக்குறைய நேராக முகம் காட்டும். நண்பகலில் சமதரையைவிட ஒன்றரை மடங்கு நேர்வெயில் கிடைக்கும். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ஏறவே பயமாக இருக்கும் செங்குத்தான சரிவுகளில் ரீஸ்லிங் நிற்பதற்கு இதுதான் காரணம். அங்கே ப்ரெம் ஊரின் கால்மோன்ட் தோட்டத்தில் சில இடங்களில் சரிவு 60 பாகையைத் தாண்டும். தென் அரைக்கோளத்தில் இதற்காக வடக்கு பார்த்த சரிவைத் தேட வேண்டும்.

சரிவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும். சரிவின் நடுப்பகுதி தப்பித்துக்கொள்ளும். சரிவின் கீழே அடர்ந்த வேலியோ மரவரிசையோ இருந்தால் அது அணை போலக் காற்றைத் தடுத்துத் தேக்கிவிடும். நட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

ஆழமான ஏரி மூன்று குளிரிலும் கைகொடுக்கும். ஃபிங்கர் லேக்ஸில் உள்ள செனிகா ஏரி ஏறக்குறைய 188 மீட்டர் ஆழம். அவ்வளவு நீர் உறைந்துபோவது அரிது. குளிர்காலத்தில் அது கரையை வெதுவெதுப்பாக வைக்கும். வசந்தத்தில் குளிர்ச்சியாக இருந்து, கொடி அவசரப்பட்டு விழிக்காமல் தடுக்கும். இலையுதிர்காலத்தில் கோடையின் வெப்பத்தைத் திருப்பித் தந்து பழுக்கும் காலத்தை நீட்டும்.

எல்லாவற்றுக்கும் சரியான வகை கிடையாது

ரீஸ்லிங்கின் முற்றிய கிளை உறுதியானது, துளிர்ப்பதும் தாமதம். முதல் இரண்டு குளிரையும் நன்றாகவே சமாளிக்கும். ஆனால் பழுப்பதும் தாமதம். பினோ நுவாரும் ஷார்டனேவும் சீக்கிரம் பழுக்கும், ஆனால் சீக்கிரமே துளிர்த்து உறைபனியிடம் மாட்டிக்கொள்ளும். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் உள்ள மார்ன் பள்ளத்தாக்கில் உறைபனி விழும் நிலங்களில் 'பினோ மூனியே' என்ற வகை அதிகம் நடப்படுவதற்கு அது சற்றுத் தாமதமாகத் துளிர்ப்பது ஒரு காரணம். சிவப்பு ஒயின் வேண்டும் என்பவர்கள் கேபர்னே சாவின்யோனை விட்டுவிட்டு கேபர்னே ஃபிராங்கைப் பார்ப்பது நல்லது. அது குளிரையும் கூடுதலாகத் தாங்கும், முன்னதாகவும் பழுக்கும். ஆகவே வகையைத் தேர்வு செய்யும் முன் உங்கள் நிலத்தில் மூன்றில் எது பெரிய சிக்கல் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஈரத்தையும் மறக்கக் கூடாது. குளிர்ப் பகுதிகள் பல மழைப் பகுதிகளும்கூட. வினிஃபெராவுக்குச் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் எளிதில் தொற்றும். குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கொஞ்சம் கிள்ளிவிட்டால் காற்றும் வெயிலும் உள்ளே போகும். நோயும் குறையும், பழுக்கவும் உதவும்.

உலகம் சூடாவது எந்தக் குளிரை மாற்றுகிறது?

பிரான்சின் பர்கண்டியில் போன் நகரத்துத் திராட்சை அறுவடைத் தேதிகள் 1354-லிருந்து கிடைக்கின்றன. 1988-க்குப் பிறகு அறுவடை, அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாக நடக்கிறது. உண்டியல் வேகமாக நிரம்புகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இது மூன்றாம் குளிரின் கணக்கு மட்டும்தான். வெதுவெதுப்பான மார்ச் மாதம் கொடியை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. ஏப்ரல் மாத உறைபனி மட்டும் அதற்கேற்ப ஒதுங்கிக்கொள்வதில்லை. 2021-ல் பிரான்சில் மார்ச் கடைசி கோடை போலச் சுட்டது, ஏப்ரல் முதல் வாரத்திலேயே உறைபனி விழுந்தது. பர்கண்டி உட்படப் பல பகுதிகளில் தளிர்கள் கருகின. மூன்றாம் குளிர் தளர்ந்த நிலத்தில் இரண்டாம் குளிர் கடுமையாகலாம் என்பதை அந்த ஒரே வாரம் காட்டிவிட்டது.

நடுவதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உச்சத்தையும் தாழ்வையும் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை, வானிலை நிலையத்தை நம்பி விட்டுவிடாமல், உங்கள் நிலத்திலேயே முழங்கால் உயரத்தில் நிறுத்துங்கள். நேர்வெயில் படாமல், காற்று புகும்படி ஒரு மறைப்பு மட்டும் போதும். சரிவின் மேலே ஒன்று, பள்ளத்தில் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. குளிர்காலத்தின் மிகத் தாழ்ந்த எண், வசந்தத்தின் கடைசி உறைபனித் தேதி, பருவம் முழுக்கச் சேர்ந்த வெப்பக் கூட்டு ஆகிய மூன்றையும் இரண்டு மூன்று ஆண்டுகள் தனித்தனிப் பத்தியில் குறித்துவாருங்கள். குச்சி வாங்கப் போகும் நாளில் அந்தத் தாளைக் கையோடு எடுத்துப்போங்கள்.